மாட்டுச் சோளத்தில் ஒரு விருந்து

1

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மகள் ஆரணி வேலையிடத்திலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவள் கோப்பன்ஹேகனில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்கிறாள். வேலை நேரத்தில் என்னை அழைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அதனால் என்னவோ ஏதோ என்று ஓடிப்போய் எடுத்தேன்.

“அம்மா, நீங்கள் செய்யிற சோளக் கேக் எந்த நாட்டுச் சாப்பாடு?” என்று டேனிஷில் கேட்டாள்.

விஷயம் இதுதான். அவளுடைய பிரிவில் எல்லாரும் தங்கள் தங்கள் நாட்டுச் சாப்பாடு கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது என்று ஒரு ஏற்பாடு. ஆரணி, நான் வீட்டில் செய்கிற பதார்த்தத்தைத் தானே செய்து கொண்டு போயிருக்கிறாள். அடியில் கோழியிறைச்சியும் அவித்த முட்டையும், மேலே அரைத்த சோளம் பொன்னிறமாகப் பொரிந்த மூடி. பக்கத்தில் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதியும் வைத்திருக்கிறாள். சிலி நாட்டவரைக் கலியாணம் செய்த ஒரு தாதி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, இது என் மாமியார் செய்வது என்றாளாம்.

“நான் அவவோட சண்டை பிடிச்சனான் அம்மா. இது எங்கட ஊர்ச் சாப்பாடு, சின்னனிலயிருந்து எங்கட வீட்டில செய்யிறது எண்டு சொன்னனான். எல்லாரும் போனில தேடிப் பாத்திட்டுச் சிரிக்கினம்!”

கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வந்துவிடும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

“அது சிலி நாட்டுச் சாப்பாடுதான் பிள்ளை,” என்றேன்.

“அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“நீ கேக்கேல்லையே.”

தொலைபேசியை வைத்துவிட்டாள். இரவு நான் கணவரிடம் சொல்ல, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பதற்குக் காரணம் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆரணிக்குத் தமிழ் கதைக்க வரும், சின்னனில் பழகிய எழுத்து மறந்துபோய்விட்டது. ஆகவே இதை ஊரில் இருக்கிற உங்களுக்காக எழுதுகிறேன். அவளுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும்.

2

ஊரில் நான் ஆசிரியை. என்னிடம் படித்த சிலர் இயக்கத்துக்குப் போன பிறகு, ஆமிக்காரர் என் பெயரைச் சொல்லி வீடு தேடி வந்தார்கள். அன்று நான் வீட்டில் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் இருக்கவும் முடியவில்லை. ஒரு ஆளை அனுப்பத்தான் வழி இருக்கிறது என்று பயண முகவர் சொல்லிவிட்டார்.

“நீ முதல்ல போ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நான் பின்னால வாறன். நாலைஞ்சு மாதம்தானே,” என்றார் என் கணவர் சிவநேசன். ஆரணிக்கு அப்போது நான்கு வயது.

கிழக்கு பெர்லின், அங்கிருந்து ரயில், பிறகு கப்பல். டென்மார்க் என்னை ஏற்றுக்கொண்டது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று இங்கே சட்டமே இருந்தது. மொழிப்பள்ளியில் இருந்தபோதே விண்ணப்பம் போட்டேன். அது போன வேகத்தில் பதில் வரும் என்று நம்பி, கோப்பன்ஹேகனில் சமையல் தொழிற்பள்ளியில் சேர்ந்தேன். வைத்தியசாலைக் குசினிகளில் வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று சொன்னார்கள்.

அந்தப் பள்ளியில் நாங்கள் படித்தது பழுப்புக் குழம்பும் அவித்த உருளைக்கிழங்கும். காலையில் உருளைக்கிழங்கு உரிப்பது, மத்தியானம் அதை அவிப்பது, பின்னேரம் மிஞ்சியதைப் பொரிப்பது. நான் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சாப்பிடுவதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கறுத்தப் பாணும் பாற்கட்டியும்தான். உறைப்பு இல்லை, புளிப்பு இல்லை, வாசம் இல்லை. பசிக்குச் சாப்பிட்டேன், ஆனால் எதைச் சாப்பிட்டேன் என்று பின்னேரம் கேட்டால் ஞாபகம் இராது.

என் பக்கத்து மேசையில் எலியானா இருந்தா. வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் வெளிநாட்டவர். அவவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. சிலியில் அவவும் பள்ளிக்கூட ஆசிரியை. அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவவுடைய கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; திரும்பி வரவில்லை. மூன்று வயது மகள் பாவ்லாவோடு டென்மார்க்குக்கு வந்து, அலுவலகங்கள் கூட்டித் துடைத்து, இப்போது ஒரு தொழில் தகுதிக்காகப் பள்ளிக்கு வந்திருந்தா.

ஒரு நாள் நான் பாணைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, எலியானா தன் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திறந்தா. எனக்குத் தலை தானாகத் திரும்பியது. கொத்தமல்லி இலை! அந்தக் காலத்தில் இங்கே கடைகளில் கொத்தமல்லியைக் கண்டதே இல்லை.

“என்ன அது?”

“பெப்ரே. எங்கட நாட்டில ஒவ்வொரு மேசையிலயும் இருக்கும்.”

பொடியாக அரிந்த வெங்காயம், கொத்தமல்லி, பச்சை மிளகாய், உள்ளி, தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் எண்ணெய். கொத்தமல்லியைத் தன் வீட்டு யன்னலில் சாடி வைத்து வளர்க்கிறாவாம். அவித்த உருளைக்கிழங்கு ஒன்றின்மேல் இரண்டு கரண்டி போட்டு என்னிடம் நீட்டினா.

வாயில் வைத்ததும் காது வரைக்கும் உறைத்தது. மூக்கால் ஓடியது. இன்னொரு கிழங்கை எடுத்தேன். பிறகு இன்னொன்று. போத்தல் பாதிக்கு வந்தபோதுதான் எலியானா என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

“நீ என்ர ஊர்க்காரியா?” என்று கேட்டா.

இருவருடைய டேனிஷும் முறிந்த டேனிஷ். அவ பேசியதை நான் இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

3

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் இஷொய் என்கிற புறநகரில் இருந்த அவவுடைய வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். பூசணிக்காயும் போஞ்சி விதையும் சோளமும் சேர்த்து அவிக்கிற ஒரு கூட்டுச் செய்து தந்தா. மேலே துளசியைப் போல ஒரு இலை கிள்ளிப் போடுவா. எங்கள் வீட்டுப் பூசணிக்காய்க் கறிக்கு யாரோ வேறு பெயர் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இறைச்சிக்குச் சீரகத்தை வறுத்துப் போடுகிற வாசம் படிக்கட்டு வரைக்கும் வரும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு நாட்டுக்குச் சீரகம் எப்படிப் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பாவ்லாவுக்கு இவை எதிலும் அக்கறை இல்லை. உயர்தரப் பள்ளியில் படிக்கிற பெட்டை. தாய் ஸ்பானிஷில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுவாள். உறைந்த பீட்சாவைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள்.

“என்ர பிள்ளை என்ர வீட்டில வாடகைக்கு இருக்கிற மாதிரி,” என்பா எலியானா. நான் மனதுக்குள் நினைப்பேன்: உன்னுடைய பிள்ளை உன் வீட்டிலாவது இருக்கிறாள்.

ஏனென்றால் என் விண்ணப்பம் அசையவில்லை. நாலைந்து மாதம் என்றது ஒரு வருடத்தைத் தாண்டியது. ஒருமுறை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது, அங்கே இருந்த பெண் ஒரு சொல்லைச் சொன்னாள்: ‘பிஹான்லிங்’. மொழிப்பள்ளியில் அந்தச் சொல்லை வைத்தியசாலைப் பாடத்தில் படித்திருந்தேன். சிகிச்சை என்று அர்த்தம். ‘சிகிச்சையில் இருக்கிறது’ என்றாள் அவள். அந்த வாரம்தான் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தின் ஷெல்லடி. இவரிடமிருந்தும் பிள்ளையிடமிருந்தும் ஒரு தகவலும் இல்லை. யாருக்குக் காயம், இவருக்கா, பிள்ளைக்கா என்று நான் தொலைபேசிக்குள் கத்தினேன். அவள் பயந்து வைத்துவிட்டாள். எலியானாதான் பிறகு என்னை இருத்தி வைத்துச் சொன்னா, கோப்பைப் பரிசீலிப்பதற்கும் அதே சொல்தான் என்று.

“உன்ர கடுதாசிக்குத்தான் வருத்தம், அதுக்குத்தான் சிகிச்சை. ஆக்களுக்கு ஒண்டும் இல்லை.”

ஆட்கள் தப்பியிருந்தார்கள். கோயில் ஒன்றில் ஒதுங்கியிருந்துவிட்டு, இரண்டு பேரும் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தார்கள். அங்கேயே காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். தமிழர்களுடைய கோப்புகள் மேலிடத்து உத்தரவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்ற பேச்சு எங்கள் ஆட்களிடையே அடிபட்டது. சட்டம் இருக்கிற நாட்டில் அப்படிச் செய்வார்களா என்று நான் வாதாடினேன். செய்துதான் இருந்தார்கள். அதற்காக ஒரு அரசாங்கமே பதவி விலகியது பிறகு நடந்த கதை.

4

எண்பத்தெட்டாம் ஆண்டு ஓகஸ்ட் முடியும்போது எலியானா என்னிடம் வந்தா. செப்டெம்பர் பதினெட்டு சிலியின் தேசிய நாள். அந்த வருடம் இன்னும் விசேஷம். சர்வாதிகாரி தொடர்ந்து இருப்பதா இல்லையா என்று அங்கே அடுத்த மாதம் வாக்கெடுப்பு. கோப்பன்ஹேகனைச் சுற்றி இருக்கிற சிலிக்காரர் எல்லாரும் இஷொயில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். சாப்பாட்டுப் பொறுப்பு எலியானாவுக்கு.

“பஸ்தெல் தெ சோக்லோ செய்யப்போறன். பதினைஞ்சு வருஷமா ஒருத்தரும் இங்க ஒழுங்கான ஒண்டைச் சாப்பிடேல்லை. நீ வா.”

‘பஸ்தெல்’ என்றால் போறணையில் வேகவைக்கிற கேக் மாதிரிச் சாப்பாடு, ‘சோக்லோ’ என்றால் பச்சைச் சோளம். அதில்தான் சிக்கல். இங்கே கடையில் இருந்தது தகரப்பேணியில் அடைத்த இனிப்புச் சோளம். அரைத்தால் தண்ணீராக ஓடும். எலியானாவுக்கு வேண்டியது மாப்பிடிப்பான, பால் முற்றிய சோளம்.

“மாட்டுக்குப் போடுறதுதான் எனக்கு வேணும்,” என்றா. “இந்த நாட்டில மாடுகள்தான் நல்ல சாப்பாடு சாப்பிடுது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவவுடைய பழைய காரில் மூன்று பேரும் போனோம். பாவ்லாவைக் கெஞ்சித்தான் ஏற்றினோம், ஒழுங்காக டேனிஷ் கதைக்க ஒரு ஆள் வேண்டுமே. நகரத்தைத் தாண்டி வயல்கள் தொடங்கிய இடத்தில், ஒரு பண்ணை வீட்டுக்குப் பின்னால் என் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது சோளம். எலியானா காரை நிறுத்திய வேகத்தில் என் நெற்றி முன்கண்ணாடியில் இடித்தது.

பண்ணைக்காரர் வெளியே வந்தார். எலியானா பாவ்லாவைக் கதைக்க விடவில்லை, தானே தொடங்கினா. சோளம் வேண்டும், போஞ்சி விதையும் இருந்தால் வேண்டும் என்பது அவவுடைய எண்ணம். டேனிஷில் போஞ்சியும் விவசாயிகளும் எங்கள் காதுக்கு ஒரே சொல். தொண்டையில் ஒரு சின்ன இறுக்கம்தான் வித்தியாசம். அது எலியானாவின் தொண்டையில் தப்பான இடத்தில் விழுந்தது.

“உங்களிடம் விவசாயிகள் இருக்கிறார்களா? எனக்கு ஐந்து கிலோ வேண்டும். உரித்ததாக.”

அவர் குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, “இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன். ஐந்து கிலோவாக வெட்டினால் மனைவி கோபிப்பாள்,” என்றார்.

பாவ்லா வயல் வரம்பில் இருந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு எழும்ப முடியவில்லை. தாயும் விளங்காமலே சிரிக்கத் தொடங்கினா. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் நான் முதல் தடவை பார்த்தேன்.

“இது மனிதர் சாப்பிடும் சோளம் இல்லை,” என்று பண்ணைக்காரர் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். எலியானா ஒரு பொத்தியை முறித்து, மடலை உரித்து, நகத்தால் ஒரு மணியைக் கீறினா. பால் தெறித்தது. அவ கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்த்தா. பண்ணைக்காரர் கொட்டகைக்குள் போய் வந்தார். சாக்கு எடுத்துக் கொடுத்தார். காசும் வாங்கவில்லை. “சாப்பிட்டபின் உயிரோடு இருந்தால் வந்து சொல்லுங்கள்,” என்றார்.

5

பள்ளியின் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தை ஆசிரியை கீஸ்டனிடம் கேட்டு வாங்கினோம். அவ தானும் வந்து கைப்பிடியைச் சுற்றினா. அரைத்த சோளத்தைப் பாலும் அந்தத் துளசி மாதிரி இலையும் போட்டுத் துளாவினோம். கைவிடாமல் துளாவ வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். அது எனக்குத் தெரிந்த வேலை. ஆடிக்கூழ் துளாவிய கைதானே.

சட்டிகளின் அடியில் சீரகமும் வெங்காயமும் போட்டு வதக்கிய இறைச்சி, கோழித் துண்டு, முட்டை, ஒலிவ் காய், முந்திரிகை வற்றல். மேலே சோளக்களி. அதற்கு மேலே கொஞ்சம் சீனி தூவி மண்டபத்துப் போறணைக்குள் வைத்தோம். எனக்கென்று மாட்டிறைச்சி இல்லாமல், கோழி மட்டும் வைத்து ஒரு சட்டி தனியாகச் செய்து, மேலே கரண்டியால் ஒரு ‘ம’ போட்டு வைத்திருந்தா எலியானா. என் பெயர் மங்களா. அந்த ஒரு எழுத்தை அவ என்னிடம் கேட்டுப் பழகியிருந்தா.

சட்டிகள் வெளியே வந்தபோது எல்லாரும் மேசைகளுக்குக் கிட்ட நெருங்கி வந்தார்கள். மீசை நரைத்த ஒரு மனிதர் கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். நானும் என்னுடையதைத் திறந்தேன். மேலே இனிப்பு, உள்ளே உப்பு, நடுவிலே சீரகம். இப்படி ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. ஆனாலும் அந்நியமாக இல்லை.

சாப்பாடு முடிந்ததும் எலியானாவைப் பேசச் சொன்னார்கள். அவ தன் நாட்டைப்பற்றிப் பேசுவா என்று நான் கை கழுவப் போக எழும்பினேன். அவ என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினா. ஸ்பானிஷில் தொடங்கி, விருந்துக்கு வந்திருந்த டேனிஷ்காரருக்காக டேனிஷுக்கு மாறினா.

“நாங்கள் வந்தபோது இந்த நாடு எங்களுக்குக் கதவு திறந்தது. இவவும் ஒரு ஆசிரியை. இவவுடைய புருஷனும் பிள்ளையும் கதவுக்கு வெளியில நிக்கினம். நீங்கள் இண்டைக்குச் சாப்பிட்டது இவ துளாவின சோளம். இனி என்ன செய்யப்போறீங்கள்?”

நான் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை, வெட்கம்தான் மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு டேனிஷ் அம்மா தட்டோடு எழும்பி வந்தா. இங்கா என்று பெயர். வழக்கறிஞர். ஒருகாலத்தில் சிலிக்காரருக்காக வீதியில் கொடி பிடித்தவ.

“உங்கள் கோப்பு இலக்கத்தைச் சொல்லுங்கள்,” என்றா. “அதற்கு முன்னால், அந்தச் சட்டியில் இன்னும் மிச்சம் இருக்கிறதா?”

இங்கா எழுதினா, தொலைபேசி எடுத்தா, போய் நேரில் நின்றா. எங்களுக்காக மட்டும் இல்லை. அந்த நாட்களில் பலரும் பலருக்காக முறையிட்டார்கள். அடுத்த மாதம் ஒரு காலை எலியானா பள்ளிக் குசினிக்குள் ஓடிவந்து கீஸ்டனைக் கட்டிப்பிடித்துச் சுற்றினா. வாக்கெடுப்பில் சர்வாதிகாரி தோற்றுவிட்டார். அன்று எங்கள் வகுப்பில் உருளைக்கிழங்கு உரிக்கவில்லை. அடுத்த வருடம் ஒதுக்கி வைத்த கோப்புகள் திறக்கப்பட்டன. நான் பள்ளியை முடித்து, டோஸ்ட்ருப்பில் ஒரு சிறிய வீடு எடுத்த கையோடு அனுமதி வந்தது.

6

இவரும் பிள்ளையும் வந்து இறங்கிய நாள் நான் பிட்டு அவித்து, மீன்குழம்பு வைத்து, கத்தரிக்காய் பொரித்து வைத்துவிட்டு விமான நிலையம் போனேன். ஆரணி உயர்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. என்னைப் பார்த்துவிட்டுத் தகப்பனுடைய கோட்டுக்குப் பின்னால் மறைந்தாள்.

வீட்டுக்கு வந்தும் ஒன்றும் சாப்பிடவில்லை. “வேண்டாம்” என்ற சொல் ஒன்றுதான். அதுவும் எனக்கு இல்லை, தகப்பனுக்குச் சொன்னது. இவர் கெஞ்சினார். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன், அழுகிறதை அவள் பார்க்கக்கூடாது என்று.

அப்போதுதான் போறணைக்குள் ஒரு சட்டி இருப்பதைக் கண்டேன். நான் விமான நிலையம் போன நேரத்தில், என்னிடம் வீட்டுத் திறப்பு வாங்கி வைத்திருந்த எலியானா வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறா. தான் நின்றால் எங்களுக்கு இடைஞ்சல் என்று நினைத்திருப்பா. சூட்டை ஏற்றினேன். சீனி பொரிகிற வாசம் அறைக்குப் போனது.

“அப்பா, அது என்ன மணக்குது?”

கொண்டுபோய் மேசையில் வைத்தேன். விரலால் மூடியைத் தொட்டு நக்கினாள். பிறகு கரண்டியை எடுத்தாள். சோளம், கோழி, முட்டை என்று தோண்டித் தோண்டிச் சாப்பிட்டாள்.

“ஆர் செய்தது?” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்க முன் இவர் சொன்னார்: “அம்மாதான். எங்கட வீட்டுச் சாப்பாடு. அம்மா உனக்கெண்டு செய்தவ.”

இவருக்கு அது என்ன சாப்பாடு என்றே தெரியாது! நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணால் பேசாதே என்றார். ஆரணி முதல் தடவையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். வாயெல்லாம் சோளம். “அம்மா, தண்ணி,” என்றாள்.

அதற்குப் பிறகு இவர் சொன்னதைத் திருத்தி, இது சிலி நாட்டுச் சாப்பாடு என்று விளக்கம் சொல்ல எந்தத் தாயால் முடியும்? அடுத்த வாரமே எலியானாவிடம் போய்க் கைப்பக்குவம் முழுவதையும் படித்துக்கொண்டு வந்தேன்.

7

சிலியில் ஆட்சி மாறியதும் எலியானா ஊருக்குத் திரும்பினா. பாவ்லா போகவில்லை. “எனக்கு அது அம்மாவின் நாடு,” என்றாள். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்திருந்தது. தாய்க்கு அது பெரிய வேதனை. விமான நிலையத்தில் பாவ்லாவின் கையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனா.

ஒரு மாதம் கழித்து பாவ்லா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் இரண்டு சோளப்பொத்தி.

“அதை எனக்குச் செய்யக் காட்டுவீங்களா?” என்றாள்.

அம்மா செய்து தந்தபோது பீட்சா சாப்பிட்ட பெட்டை. உள்ளே கூட்டிப்போய், அரியும் பலகையை முன்னால் வைத்தேன். கோழிக்கு வெங்காயம் வதக்கும்போது, என் கை வழக்கம்போலப் பச்சை மிளகாயையும் அரிந்து போட்டது. எங்கள் வீட்டில் அது இல்லாமல் ஒரு சட்டியும் இறங்காது. பாவ்லா அதையும் பார்த்துப் பழகினாள். அவள் எங்கள் சாப்பாட்டைப் பழகுகிறாள் என்றுதான் ஆரணி நினைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஆரணிக்கு டேனிஷ் பாடம் சொல்லிக்கொடுப்பாள், சாப்பிடுவாள், தாய்க்குத் தொலைபேசி எடுத்து மறந்துபோன ஸ்பானிஷைத் தேடித்தேடிக் கதைப்பாள்.

சில வருடங்களின் பின் எலியானா மகளைப் பார்க்க வந்தா. பாவ்லா தன்னுடைய வீட்டில் தானே விருந்து வைத்தாள். எங்களையும் அழைத்திருந்தாள். சட்டி மேசைக்கு வந்தது. எலியானா கரண்டியால் மூடியை உடைத்து, நிறைய எடுத்து வாயில் வைத்தா. மென்றா. நிறுத்தினா. முகம் சிவந்தது. மூக்கைத் துடைத்தா.

“பாவ்லா, ஆர் இதுக்குள்ள மிளகாய் போட்டது?”

“அது போடத்தானே வேணும்?” என்றாள் பாவ்லா, நல்ல ஸ்பானிஷில். அவ்வளவு ஸ்பானிஷ் எனக்கே விளங்கியது.

எலியானா என் பக்கம் திரும்பினா. நான் தலையைக் குனிந்து தட்டைப் பார்த்தேன். எலியானா இன்னொரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டா. பிறகு அவ மேசையில் கையால் அடித்து அடித்துச் சிரித்தா. சிரித்து முடித்துச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டா.

ஊருக்குப் போனபின் எலியானா தொலைபேசி எடுத்தா. தன் மூன்று சகோதரிகளுக்கும் மிளகாய் போட்டே செய்து கொடுத்தாவாம். பரம்பரைச் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டாய், எந்த ஊரில் இப்படிச் செய்கிறார்கள் என்று மூன்று பேரும் சேர்ந்து ஏசினார்களாம்.

“நீ என்ன சொன்னாய்?” என்று கேட்டேன்.

“டென்மார்க்கில எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறவை எண்டு சொன்னனான். ஏசி ஏசிச் சட்டியை வழிச்சுத் திண்டிட்டுப் போயிட்டினம்.”